வீட்டையும் காரையும் ஒரே கம்பெனியில் இன்ஷூர் செய்தால் மிச்சமா?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் வீட்டு இன்ஷூரன்ஸ், கார் இன்ஷூரன்ஸ் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகளில் வரும் பிரீமியத் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர், வீட்டின் வயது, ஓட்டுநர் ரெகார்டு ஆகியவற்றைப் பொறுத்து அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

கேள்வி: டாலஸ் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். கார் ஒரு கம்பெனியில், வீடு வேறொரு கம்பெனியில். கார் கம்பெனி ஏஜென்ட், "வீட்டையும் எங்களிடம் கொண்டுவாருங்கள், 20 சதவீதம் வரை தள்ளுபடி" என்கிறார். இதில் நிஜமாகவே பணம் மிச்சமாகுமா, வெறும் விற்பனைப் பேச்சா?
— ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: தள்ளுபடி நிஜம்தான். இரண்டு பாலிசி வைத்திருப்பவர் லேசில் கம்பெனி மாறமாட்டார். புது ஆளைப் பிடிக்கும் செலவு கம்பெனிக்குக் குறைகிறது. அதில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறார்கள். கட்டண விகிதங்களையும் தள்ளுபடிகளையும் கம்பெனி மாநில இன்ஷூரன்ஸ் துறையில் தாக்கல் செய்திருக்கும். ஏஜென்ட் தன் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஆனால் அந்த 20 சதவீதம் எதன் மேல்? அந்தக் கம்பெனியின் சொந்த விலை மேல். அந்த விலையே மற்ற இடங்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தால், தள்ளுபடி வாங்கியும் உங்களுக்கு லாபமில்லை. "வரை" என்ற சொல்லையும் கவனியுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பக்கம் சதவீதம் அதிகமாகவும் கார் பக்கம் குறைவாகவும் இருக்கும். காரிலும் எல்லாக் கவரேஜுக்கும் தள்ளுபடி பொருந்தாமல் போகலாம். அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். "சேர்த்து எடுத்தால் வருடத்துக்கு எத்தனை டாலர், தனித்தனியாக எடுத்தால் எத்தனை டாலர்" என்று கேட்டு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு கணக்கு. முதல் கம்பெனியில் கார் தனியாக வருடம் 1,800 டாலர், வீடு தனியாக 3,000. சேர்த்தால் காருக்கு 15 சதவீதம், வீட்டுக்கு 20 சதவீதம் குறைக்கிறார்கள். கார் 1,530, வீடு 2,400, மொத்தம் 3,930. "870 டாலர் மிச்சம்" என்று தாளில் அச்சாகி வரும். வெளியே தேடினால் இரண்டாவது கம்பெனியில் கார் மட்டும் 1,400, மூன்றாவது கம்பெனியில் வீடு மட்டும் 2,450. மொத்தம் 3,850. தள்ளுபடியே வாங்காமல் 80 டாலர் குறைவு.

அப்படியானால் பிரித்து வைப்பதுதான் சரியா? அவசரப்பட வேண்டாம். உங்கள் பகுதியில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆலங்கட்டி மழை. டெக்சஸில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்குத் தனி டிடக்டிபிள் (இழப்பில் முதலில் நீங்கள் கைவிட்டுப் போட வேண்டிய தொகை) வைப்பது வழக்கம். அது பெரும்பாலும் டாலரில் இல்லாமல் வீட்டின் கவரேஜ் தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். வீடு 4 லட்சம் டாலருக்கு இன்ஷூர் ஆகியிருந்தால் 1 சதவீதம் என்பது 4,000 டாலர், 2 சதவீதம் என்பது 8,000. முதல் கம்பெனி 1 சதவீதமும் மூன்றாவது கம்பெனி 2 சதவீதமும் வைத்திருந்தால், வருடம் 80 டாலர் மிச்சம் பிடிக்க ஒரே ஒரு ஆலங்கட்டி மழைக்கு 4,000 டாலர் கூடுதலாகக் கைவிட்டுப் போடுவீர்கள். அந்தப் பணத்தை மீட்க 50 வருடம் ஆகும். இந்த இடத்தில் பண்டில், அதாவது இரண்டையும் ஒரே கம்பெனியில் சேர்த்து எடுப்பதுதான், நல்ல தேர்வு.

கூரைக்கு எப்படிப் பணம் தருவார்கள் என்பதையும் பாருங்கள். 12 வருடப் பழைய கூரையை மாற்ற 18,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் பார்க்காமல் புதிதாக மாற்றும் செலவைத் தரும் ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் பாலிசியாக இருந்தால் 4,000 டிடக்டிபிள் போக 14,000 கிடைக்கும். முதலில் தேய்மானம் கழித்த தொகையைத் தருவார்கள். வேலை முடிந்து பில்லைக் காட்டினால் மீதி வரும். கூரைக்கு மட்டும் ஆக்சுவல் கேஷ் வேல்யூ (தேய்மானம் கழித்த மதிப்பு) என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. கூரையின் ஆயுளை 20 வருடம் என்று எடுத்து 60 சதவீதம் கழிப்பார்கள். 7,200 நிற்கும், அதிலிருந்து டிடக்டிபிள் போக 3,200 டாலர்தான் கைக்கு வரும். பிரீமியம் ஏன் குறைவாக வந்தது என்பதற்கு இந்த ஒரு வரியே காரணமாக இருக்கலாம். பழைய கூரை உள்ள வீடுகளில் இதை நிச்சயம் தேடிப் பாருங்கள்.

ஒப்பிடும்போது வழக்கமாக ஏமாந்துபோகும் இன்னொரு இடம், கவரேஜ் ஏ எனப்படும் வீட்டுக் கட்டடத் தொகை. வீட்டை இன்றைய கூலி, மரம், சாமான் விலையில் திரும்பக் கட்ட ஆகும் செலவு அது. விற்பனை விலை வேறு. அதில் நிலத்தின் மதிப்பும் அடங்கும். பழைய பாலிசியில் 4,20,000 என்றிருந்ததைப் புதுக் கொட்டேஷனில் 3,50,000 என்று போட்டால் பிரீமியம் தானாக இறங்கும், அது தள்ளுபடி மாதிரித் தெரியும். பல பாலிசிகளில் 80 சதவீத விதி உண்டு. திரும்பக் கட்ட 5 லட்சம் ஆகும் வீட்டை 80 சதவீதமான 4 லட்சத்துக்காவது இன்ஷூர் செய்திருக்க வேண்டும். 3 லட்சத்துக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால், சமையலறைத் தீயில் 60,000 டாலர் சேதம் ஆனாலும் நாலில் மூன்று பங்கான 45,000 என்ற கணக்கில்தான் தருவார்கள், அதிலும் டிடக்டிபிள் போகும். தேய்மானம் கழித்த மதிப்பு இதைவிடக் கூடுதலாக வந்தால் அதைத் தருவார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. இப்போதுள்ள இரண்டு பாலிசிகளின் டெக்லரேஷன் பேஜையும் (கவரேஜ் விவரங்களின் சுருக்கப் பக்கம்) எடுத்து வையுங்கள். வீட்டுக்குக் கட்டடத் தொகை, லயபிலிட்டி (உங்களால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் தரும் தொகை), சாதாரண டிடக்டிபிள், காற்று–ஆலங்கட்டி டிடக்டிபிள், கூரை விதி, கழிவுநீர் திரும்பி வருவதற்கான வாட்டர் பேக்கப் ஆகியவற்றைக் குறியுங்கள். காருக்கு லயபிலிட்டி எண்கள், அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் (இன்ஷூரன்ஸ் இல்லாதவர் மோதினால்), கொலிஷன் (மோதல்), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, வெள்ளம் போன்ற மற்றச் சேதம்) டிடக்டிபிள்கள். இதே எண்களைக் கொடுத்து மூன்று இடத்திலாவது கார் தனி, வீடு தனி, இரண்டும் சேர்த்து என்று விலை வாங்குங்கள். கார் பாலிசி பெரும்பாலும் 6 மாதத்துக்கு, வீடு 12 மாதத்துக்கு. கார் தொகையை இரண்டால் பெருக்காமல் கூட்டிவிட்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

வித்தியாசம் சிறிதாக வந்தால் எங்கள் யோசனை, வீட்டுப் பாலிசி எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போய் காரை அதோடு சேருங்கள். கார் பாலிசிகள் கம்பெனிக்குக் கம்பெனி அவ்வளவாக வேறுபடுவதில்லை. வீட்டுப் பாலிசிகளில் வேறுபாடு அதிகம், இழப்பும் பெரிது.

கேள்வி: பண்டில் என்று சொல்லி வாங்கினோம். வந்த காகிதங்களில் வீட்டுப் பாலிசியில் வேறு கம்பெனி பெயர் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகி, அரிசோனா

பதில்: இல்லை, இது சாதாரண நடைமுறை. கெய்க்கோ மாதிரி கார் இன்ஷூரன்ஸில் பெயர் பெற்ற கம்பெனிகள் வீட்டுப் பாலிசியை வேறு நிறுவனங்கள் மூலம் ஏற்பாடு செய்து கொடுக்கின்றன. தள்ளுபடி கார் பக்கம் கிடைக்கும். ஆனால் கிளெய்ம் என்று வந்தால் வீட்டுக்கு ஒரு நம்பர், காருக்கு இன்னொரு நம்பர். ஒரே இடத்தில் எல்லாம் முடியும் என்ற வசதியை நம்பி வாங்கியிருந்தால் அது இங்கே இல்லை. வீட்டுப் பாலிசியை உண்மையில் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயரை டெக்லரேஷன் பேஜில் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைத் தரம் பிரிக்கும் ஏ.எம். பெஸ்ட் நிறுவனம் அதற்குத் தந்துள்ள நிதி வலிமைத் தரத்தையும், உங்கள் மாநில இன்ஷூரன்ஸ் துறை இணையதளத்தில் அதன் மீதான புகார் விவரத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்தால் கார் பிரீமியம் குறையும் என்கிறார்கள். அதற்காகவே எடுக்கலாமா?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: எடுங்கள். பண்டில் தள்ளுபடி மிகச் சுலபமாக வேலை செய்யும் இடம் இதுதான். ரென்டர்ஸ் பாலிசிக்கு மாதம் 15 டாலர் வீதம் வருடம் 180 என்று வையுங்கள். 1,600 டாலர் கார் பிரீமியத்தில் 6 சதவீதம் குறைந்தால் 96 டாலர். நிகரச் செலவு 84 டாலர்தான். இரண்டு கார் இருந்தால் தள்ளுபடியே பாலிசியின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு.

தள்ளுபடியே இல்லாவிட்டாலும் அது எடுக்க வேண்டிய பாலிசிதான். வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். உங்கள் சாமான்கள், உங்கள் அடுப்பிலிருந்து பரவிய தீயால் பக்கத்து வீட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கான பொறுப்பு, வீடு குடியிருக்க முடியாமல் போனால் ஓட்டல் செலவு எல்லாம் உங்கள் பாலிசியில்தான் வரும். காரின் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் திருடினால், கண்ணாடிக்குக் கார் இன்ஷூரன்ஸ், லேப்டாப்புக்கு ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ். கார் பாலிசி லேப்டாப்புக்குக் காசு தராது என்பது பலருக்குத் திருட்டு நடந்த பிறகுதான் தெரியவருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். நண்பர்களோடு சேர்ந்து இருப்பவர்களுக்கு: உங்கள் பாலிசியில் பெயர் இல்லாத ரூம்மேட்டின் சாமான்களுக்குக் கவரேஜ் கிடையாது. அவர் தனியாக எடுக்க வேண்டும். அடுத்தது நகை. 30,000 டாலருக்கு சாமான் கவரேஜ் எடுத்திருந்தாலும் நகை திருட்டுக்கு 1,500 டாலர் அளவில் உள்வரம்பு வைத்திருப்பது பொதுவான வழக்கம். சொந்த வீட்டுப் பாலிசியிலும் அப்படியே. கல்யாண நகைகள் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அந்தத் தொகை ஒரு வளையலுக்குக்கூடப் போதாது. ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் பட்டியலிட்டு ஷெட்யூல் செய்யச் சொல்லுங்கள். கிராம் எடை, காரட், கல் விவரத்தோடு பில், புகைப்படம், இங்குள்ள ஜெமாலஜிஸ்ட் எழுதித் தந்த மதிப்பீடு ஆகியவை தேவைப்படும். ஷெட்யூல் செய்த நகைக்குப் பெரும்பாலும் டிடக்டிபிள் இராது. எங்கே தொலைந்தது என்றே தெரியாமல் போனாலும் பொதுவாகக் கவரேஜ் உண்டு. தங்கம் விலை ஏற ஏற மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். பேங்க் லாக்கரில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வங்கிகளுக்கு அரசு தரும் எஃப்.டி.ஐ.சி. காப்புறுதி டெபாசிட் பணத்துக்குத்தான், லாக்கரில் உள்ள பொருளுக்கு இல்லை.

கேள்வி: வீடு, கார் இரண்டும் ஒரே கம்பெனி. வெள்ளம் வந்தால் இரண்டுக்கும் ஒரே கிளெய்மில் பணம் கிடைக்குமா?
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் பண்டில் எடுத்தவர்கள் நிறைய. கராஜில் நின்ற கார் வெள்ளத்தில் மூழ்கினால் காம்ப்ரிஹென்சிவ் கவரேஜ் இருந்தால் பணம் வரும். அதே தண்ணீர் சுவர் தாண்டி ஹாலுக்குள் வந்து தரையையும் சோபாவையும் நாசமாக்கினால் வழக்கமான வீட்டுப் பாலிசியில் ஒரு டாலர்கூட வராது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் உங்கள் ஊரை மூழ்கடித்தபோது வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃப்ளட் பாலிசி இல்லை.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை வைத்தே பணம் முடிவாகிறது. காற்று கூரையைப் பிய்த்து அந்த ஓட்டை வழியாக மழை இறங்கினால் வீட்டுப் பாலிசி. குழாய் திடீரென்று வெடித்தால் வீட்டுப் பாலிசி. அதே குழாய் மாதக்கணக்கில் கசிந்து மரம் உளுத்துப்போனால் பராமரிப்புக் குறை என்று மறுத்துவிடுவார்கள். சாக்கடை நிரம்பிக் கழிவறை வழியாகத் திரும்பி வந்தால் வாட்டர் பேக்கப் சேர்த்திருந்தால் மட்டும். தரையில் ஏறி வந்த தண்ணீர் என்றால் ஃப்ளட் பாலிசி தவிர வேறு வழியில்லை.

அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டமான என்.எஃப்.ஐ.பி.யில் ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டுக்குக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர். சாமான் கவரேஜைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. சாமானுக்குத் தேய்மானம் கழித்தே தருவார்கள். பேஸ்மென்ட்டில் உள்ளவற்றுக்குக் கவரேஜ் மிகக் குறைவு. புதிதாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடன் முடிவாகும்போது கடனுக்காக எடுப்பதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் வரைபடத்தை டி.வி.யில் பார்த்த பிறகு போன் செய்து பயனில்லை.

ஒரே கம்பெனியில் இருப்பதால் கிடைக்கும் நல்லது ஒன்றும் உண்டு. ஒரு பெரிய மரம் விழுந்து கூரையையும் கீழே நின்ற காரையும் நசுக்கிவிட்டது என்று வையுங்கள். தனித்தனிக் கம்பெனி என்றால் வீட்டுக்கு ஒரு டிடக்டிபிள், காருக்கு ஒரு டிடக்டிபிள். சில கம்பெனிகள் பண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரே சம்பவத்தில் இரண்டும் சேதமானால் ஒரு டிடக்டிபிள் போதும் என்று விதி வைத்திருக்கின்றன. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா, காற்றுக்கான சதவீத டிடக்டிபிளுக்கும் பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு 16 வயது, லைசென்ஸ் எடுக்கப் போகிறான். அம்ப்ரெல்லா பாலிசி வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு எல்லாம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், ஜார்ஜியா

பதில்: கார், வீட்டுப் பாலிசிகளின் லயபிலிட்டி தீர்ந்த பிறகு அதற்கு மேல் தருவதுதான் அம்ப்ரெல்லா. எல்லாம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பது சட்டப்படி அவசியமில்லை. நடைமுறையில் பல கம்பெனிகள் காராவது தங்களிடம் இருந்தால்தான் அம்ப்ரெல்லா தருகின்றன. தனியாக விற்பவர்களும் உண்டு. ஆனால் விலை கூடலாம்.

உங்கள் மாநிலத்தின் குறைந்தபட்சக் கார் லயபிலிட்டி 25/50/25. ஒரு விபத்தில் காயப்பட்ட ஒருவருக்கு 25,000 டாலர், எல்லோருக்கும் சேர்த்து 50,000, எதிராளியின் வாகனம் முதலிய உடைமைக்கு 25,000. இன்றைக்கு ஒரு புது எஸ்.யு.வி.யின் விலையே அதைத் தாண்டும். ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் போகும் தொகை உங்கள் சம்பளத்தையும் சேமிப்பையும் தேடி வரும். 10 லட்சம் டாலர் அம்ப்ரெல்லா எடுக்க, அடியில் காருக்கு 250/500, வீட்டுக்கு 3 லட்சம் லயபிலிட்டி வேண்டும் என்று கேட்பது வழக்கம்.

இங்கேதான் தனித்தனிக் கம்பெனியில் வைத்திருப்பவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். பிரீமியத்தைக் குறைக்க வீட்டு லயபிலிட்டியை 1 லட்சத்துக்கு இறக்கியிருப்பார்கள், அம்ப்ரெல்லா கம்பெனிக்கு அது தெரியாது. வீட்டில் விழுந்து அடிபட்ட ஒருவருக்கு 5 லட்சம் தர வேண்டி வந்தால் வீட்டுப் பாலிசி 1 லட்சம் தரும், அம்ப்ரெல்லா 3 லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். நடுவில் உள்ள 2 லட்சம் உங்கள் தலையில். மூன்றும் ஒரே கம்பெனியில் இருந்தால், யாராவது அடித்தொகையை மாற்றும்போதே கணினி தடுக்கவோ ஏஜென்ட் கவனிக்கவோ வாய்ப்பு அதிகம். எங்கள் கருத்தில் பண்டிலின் உண்மையான மதிப்பு இந்த ஒழுங்கில் இருக்கிறது. தள்ளுபடி அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் மகனைச் சேர்க்கும் வருடம் எல்லாவற்றையும் மறுபடி விலை பார்க்க வேண்டிய வருடமும் கூட. பதின்வயது ஓட்டுநருக்கு ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு விதமாக விலை போடும். அந்த வித்தியாசம் பண்டில் தள்ளுபடியை விழுங்கிவிடக்கூடும். பள்ளியில் பி கிரேடு சராசரி இருந்தால் கிடைக்கும் குட் ஸ்டூடன்ட் தள்ளுபடியைக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை நீங்கள்தான் அனுப்ப வேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். பிற்பாடு 100 மைலுக்கு அப்பால் காரில்லாமல் கல்லூரிக்குப் போனால் அதற்கும் தள்ளுபடி தருபவர்கள் உண்டு. பிரீமியத்துக்குப் பயந்து மகனின் பெயரைச் சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஓட்டுநரை மறைத்தால் விபத்து நேரத்தில் கிளெய்மே தகராறாகிவிடும்.

கேள்வி: காட்டுத்தீ அபாயம் என்று சொல்லி எங்கள் வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதே கம்பெனியில்தான் காரும் இருக்கிறது. இனி என்ன செய்வது?
— ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் புதுப்பிக்க மறுத்தால் 75 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஆளுநர் அவசரநிலை அறிவித்த காட்டுத்தீயின் எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ உங்கள் ஜிப் கோடு இருந்தால், தீ அபாயத்தைக் காரணம் காட்டி ஒரு வருடத்துக்கு மறுக்க முடியாது. அந்த ஜிப் கோடுகளின் பட்டியலை மாநில இன்ஷூரன்ஸ் துறை வெளியிடுகிறது.

எங்குமே கிடைக்காவிட்டால் கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான். அதில் தீ, புகை, மின்னல், உள்வெடிப்பு இவற்றுக்குத்தான் அடிப்படைக் கவரேஜ். திருட்டு, குழாய் வெடிப்பு, லயபிலிட்டி எதுவும் இல்லை. அவற்றுக்கு டிஃபரன்ஸ் இன் கண்டிஷன்ஸ் என்ற துணைப் பாலிசியைச் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்ப்ரெல்லாவுக்கும் அடித்தளம் இராது.

காரின் பண்டில் தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் போய்விடக்கூடும். துணைப் பாலிசியை எழுதும் கம்பெனி கார் பாலிசியும் தருமா, தந்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். நிலநடுக்கத்துக்கு சி.இ.ஏ. (கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம்) பாலிசி வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது உங்கள் வீட்டுப் பாலிசியைத் தரும் உறுப்பினர் கம்பெனி வழியாகவே கிடைப்பது. வீட்டுக் கம்பெனி மாறினால் அதையும் மாற்றி எழுத வேண்டும்.

கேள்வி: நாலைந்து இடத்தில் கொட்டேஷன் கேட்டால் கிரெடிட் ஸ்கோர் இறங்குமா?
— ஒரு வாசகர், மிச்சிகன்

பதில்: இறங்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்ப்பது ஸ்கோரைப் பாதிக்காத சாஃப்ட் இன்க்வயரி, கடன் விண்ணப்பம் போன்றதல்ல. பல மாநிலங்களில் பிரீமியம் போட கிரெடிட் விவரத்தைப் பயன்படுத்துகிறார்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்களில் கார் பாலிசிக்கு அது கூடாது. கிரெடிட்டோடு உங்கள் பழைய கிளெய்ம்களையும் பார்ப்பார்கள். க்ளூ ரிப்போர்ட் என்ற பதிவில் 7 வருடத்துக்கான கிளெய்ம்கள் இருக்கும். லெக்சிஸ்நெக்சிஸ் நிறுவனத்திடம் வருடம் ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கி, தப்பாக ஏதும் பதிவாகியிருந்தால் கொட்டேஷனுக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பண்டில் லாபம் என்று தெரிந்து மாறப் போகிறோம். வீட்டு இன்ஷூரன்ஸ் எஸ்க்ரோவிலிருந்து (கடன் நிறுவனம் வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பணம் சேர்த்து வைக்கும் கணக்கு) போகிறது. எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?
— ஒரு வாசகர், ஒஹையோ

பதில்: வீட்டுப் பாலிசி புதுப்பிக்கும் தேதியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 30 நாள் முன்னால் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். நடுவில் ரத்து செய்தாலும் மீதிப் பிரீமியம் திரும்பி வரும்; ஆனால் சில கம்பெனிகள் ஷார்ட் ரேட் என்று அதிலிருந்து ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், 10 சதவீதம் வரை போகலாம். பழைய பாலிசியின் ரத்து விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

புதுப் பாலிசி உறுதியான பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும். புதுக் கம்பெனி விலை சொன்ன பிறகும் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பி, கூரை பழையது, படிக்குக் கைப்பிடி இல்லை என்று ஆரம்ப வாரங்களிலேயே பாலிசியை ரத்து செய்வதுண்டு. கூரையின் புகைப்படத்தை முன்கூட்டியே அனுப்பி அண்டர்ரைட்டிங் (கம்பெனியின் அபாயப் பரிசீலனை) முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பாலிசிகள் பொதுவாக இரவு 12:01க்குத் தொடங்கும். பழையது முடியும் தேதியும் புதியது தொடங்கும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஒருநாள் இடைவெளிகூட வேண்டாம். கார் பாலிசியில் இடைவெளி விழுந்தால் அடுத்த கம்பெனியில் விலை ஏறும். ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஆட்டோபேயை நிறுத்தினால் பாலிசி ரத்தாகிவிடும் என்று நினைத்து விடுபவர்கள் உண்டு. பணம் கட்டாததால் ரத்து என்று அது ரெகார்டில் ஏறிவிடும்.

புதுப் பாலிசியில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் லோன் நம்பரும் மார்ட்கேஜி இடத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அந்த நிறுவனம் தன் பெயரோடு சேர்த்து எழுதச் சொல்லும் சட்டச் சொற்றொடர் ஒன்று இருக்கும், அதை அவர்களிடமே கேட்டு அப்படியே கொடுங்கள். டெக்லரேஷன் பேஜைப் புதுக் கம்பெனி அனுப்பும் என்று நம்பி இருக்காமல் நீங்களும் லோன் இணையதளத்தில் ஏற்றுங்கள். இது தவறினால் கடன் நிறுவனம் உங்களுக்குப் பாலிசியே இல்லை என்று எண்ணித் தானாக ஒரு பாலிசியைப் போட்டு உங்கள் கணக்கில் எழுதும். விலை மிக அதிகம், பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. அப்படிக் கட்டணம் பிடிக்க 45 நாள் முன்பே உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

பழைய கம்பெனியிலிருந்து வரும் ரீஃபண்ட் செக் உங்கள் பெயருக்கு, உங்கள் வீட்டுக்கே வரும். எஸ்க்ரோவிலிருந்து புதுப் பிரீமியமும் போயிருக்கும், பழையதும் ஏற்கெனவே போயிருக்கும். செக்கைச் செலவழித்துவிட்டால் அடுத்த எஸ்க்ரோ கணக்கெடுப்பில் பற்றாக்குறை என்று மாதத் தவணை ஏறும். செக்கை லோன் நம்பரோடு எஸ்க்ரோவுக்கே திருப்பிக் கட்டுங்கள். அசலுக்கு வரவு வைத்துவிடாதபடி, எஸ்க்ரோவுக்கு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

காரைப் பொறுத்தவரை, கடனிலோ லீசிலோ இருந்தால் அந்த நிறுவனத்தை லீன்ஹோல்டராக (காரின் மேல் உரிமை உள்ளவராக) புதுப் பாலிசியில் சேர்க்க வேண்டும், அவர்கள் கேட்கும் அதிகபட்ச டிடக்டிபிளையும் தாண்டக் கூடாது. முதல் பில் வந்ததும் பண்டில் தள்ளுபடி இரண்டு பாலிசியிலும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கார் முதலிலும் வீடு சில வாரம் கழித்தும் தொடங்கினால் கார் பாலிசியில் அது விட்டுப்போவது சகஜம். போன் செய்து கேட்டால், எந்தத் தேதியிலிருந்து சேர வேண்டுமோ அந்தத் தேதியிலிருந்து சரிசெய்து தரச் சொல்லலாம்.